தோட்டத் தொழிலாளியின் பேரன்

நிவித்திகலையை அடுத்த தோட்டமொன்றிலே ஆசிரியத் தொழில் புரிபவன் நான். ஒருநாள் மாலை, இறப்பர் மரங்களுக்கு நடுவேயுள்ள சிறு வெளியில் பந்தாடிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் என்னை மறித்து, "சேர், முரளிதரன் நம்ம ஆளா?" என்று வினவினான். முத்தையா முரளிதரன் ஓய்வுபெற்ற பின்னர் பிறந்த பிள்ளை அவன். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை.

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவர். தந்தையார் கண்டியிலே பிஸ்கட் தொழில் நடத்தினார். 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளிதரன், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். லயத்தில் வளர்ந்தவரல்லர். எனவே, நம் துயரமெல்லாம் அவர் துயரம் என்றுரைப்பது மிகையாகும். ஆயினும், 'நீ முறைப்படி வந்தவன்தானா?' என்ற கேள்வியை அவரும் எதிர்கொண்டார்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ண் மைதானத்திலே நடுவர் டரல் ஹெயார், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழுமுறை 'நோ போல்' அறிவித்தார். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை அவருடையது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 1996இல் அதனைப் பரிசோதித்து, எறிவதுபோலத் தோன்றுவது கண்மயக்கே என்றனர். அதன்பின்னும் ஐயம் ஓயவில்லை. மீண்டும் மீண்டும் அளவுகருவிகளின்முன் பந்து வீசிக் காட்டினார். பந்துவீச்சாளர் பெரும்பாலோரின் கையும் சிறிது நிமிரவே செய்கிறதென்று ஆய்வுகள் புலப்படுத்தியபின், 15 பாகை வரை அனுமதிக்கும் விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது.

நம்மவர் கதையும் இத்தகையதே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்திலே இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை முரளிதரன் வீழ்த்தி நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தபோது, தோட்டங்களிலே நாடற்றோர் இன்னும் இருந்தனர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேதான்.

அவருடைய அரசியற் கூற்றுக்கள் சில தமிழர் பலரைப் புண்படுத்தின. எனக்கும் அவற்றில் உடன்பாடில்லை. ஆனால் 2010 ஜூலை 22ஐ என்னால் மறக்க இயலாது. காலியிலே இந்தியாவுக்கு எதிரான தமது 133ஆவது, இறுதி டெஸ்ட் போட்டியை அவர் 792 விக்கெட்டுகளுடன் தொடங்கினார். எட்டு விக்கெட்டுகள் குறைவு. கடைசி விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜாவின் துடுப்பிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன ஏந்தினார், எண்ணூறு நிறைந்தது. முரளிதரனின் பந்துவீச்சில் டெஸ்ட் போட்டிகளிலே ஜயவர்தன ஏந்திய 77ஆவது பந்து அது. போர் பிரித்துவைத்த காலத்திலும், ஒரு தமிழர் வீசிய பந்துக்காக ஒரு சிங்களவர் குனிந்து காத்து நின்றிருக்கிறார்.

மறுநாள் இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் எடுத்துரைத்து, "நம்ம ஆள்தான்" என்றேன். சிறிது யோசித்தான்.

"அப்ப, கை வளைஞ்சிருந்தாலும் பந்து போடலாமா சேர்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் மரங்களுக்கிடையே ஓடினான்.