பிரசவ பில்: தொகை ஏன் மாறுகிறது? யார் கொடுக்க வேண்டும்?

தலைப்பிரசவம் பெண் வீட்டுச் செலவு என்பது நம் ஊர்களில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. மகளை ஏழாம் மாதம் அழைத்து வரும் வாப்பா, எவ்வளவு ஆகும் என்று தெரியாமலேயே நகையை அடகு வைக்கத் தயாராகிறார். பிறகு வட்டி வந்து சேர்கிறது. ஆகவே தொகை ஏன் மாறுகிறது, அதை யார் கொடுக்க வேண்டும் என்ற இரண்டையும் நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இலவசம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவற்றுக்கும் கட்டணம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ள தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தவணைகளாகக் கிடைக்கின்றன. இதற்குக் கர்ப்பம் உறுதியானவுடன் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெற வேண்டும்.

பர்தா பேணுவதற்காகவே தனியாருக்குப் போகிறோம் என்பார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, திரை பேணும் பெண்களையும் மனதில் வைத்து 1885-ல் தொடங்கப்பட்டதுதான். இன்று அரசு மகப்பேறு பிரிவுகளில் பெண் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தனியாரில் சிறு நகரத்தில் சில பத்தாயிரங்களில் முடியும் பிரசவம், பெருநகரின் பெரிய மருத்துவமனையில் லட்சத்தைத் தாண்டுகிறது. முதல் காரணம் அறை. பல இடங்களில் தனி அறை எடுத்தால் வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணமும் சேர்ந்து உயரும். இரண்டாவது காரணம் சிசேரியன். அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், கூடுதல் மருந்து, கூடுதல் நாட்கள் என எல்லாம் ஏறும். மூன்றாவது காரணம் குழந்தை. எடை குறைவு, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை என்று பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்தால் பில் நாள் கணக்கில் ஓடும். பேக்கேஜ் என்று முன்பே சொன்ன தொகையில் பெரும்பாலும் இது சேராது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்றால் சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. செலவுக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அவசரம் இல்லாத நிலையில், ஏன் தேவை என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை.

எட்டாம் மாதத்திற்குள் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பேக்கேஜில் எது அடங்கும், எது அடங்காது? சிசேரியன் ஆனால் எவ்வளவு கூடும்? குழந்தைப் பிரிவு இங்கேயே உண்டா, ஒரு நாள் கட்டணம் என்ன? இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்?

இனி யார் கொடுப்பது? பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் குழந்தையின் தந்தை மீதே அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம் பொறுப்பாக்குகிறது. தலாக் விடப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருந்தால்கூட, பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்யுமாறு அத்தலாக் அத்தியாயத்தின் 6-வது வசனம் கட்டளையிடுகிறது. அப்படியிருக்க, உடன் வாழும் மனைவியின் பிரசவச் செலவை மாமனார் தலையில் கட்டுவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது? பெண்ணைப் பெற்றவர் மனமுவந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. கேட்டு வாங்கினால் அது வரதட்சணையின் இன்னொரு தவணை.

பெரிய மருத்துவமனைதான் வேண்டும், தனி அறைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் விரும்பினால், பில்லையும் அவர்களே கட்டட்டும். வசதி இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பிறக்கும் குழந்தையை வட்டிக் கடனோடு வரவேற்பதைவிட அது எவ்வளவோ மேல்.