விதையோடு வரும் தழைச்சத்து

விளைநிலத்துக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஐந்து வழிகளில் வந்து சேர்கிறது. யூரியா போன்ற இரசாயன உரம், தொழுஉரம், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது, மழையோடும் தூசியோடும் இறங்குவது ஆகிய நான்கும் பலரும் அறிந்தவை. ஐந்தாவது, விதை. நாடுகளின் விளைநிலச் சத்து வரவுசெலவை 1961 முதல் ஆண்டுவாரியாகத் தொகுக்கும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்கில் விதைக்கும் தனி இடம் உண்டு.

கணக்கிடும் முறை எளிது. ஒரு ஹெக்டேரில் விதைக்கும் அளவை விதையில் உள்ள தழைச்சத்தின் சதவீதத்தால் பெருக்கினால் போதும். தழைச்சத்து பெரும்பாலும் புரதத்தில்தான் இருக்கிறது. ஆகவே புரதம் மிகுந்த விதையை நிறைய விதைக்கும் பயிரில் இந்த வரவு கூடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர் வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, மானாவாரியாகவும் கிணற்றுப் பாசனத்திலும் பயிராகிறது. ஏரி, கிணற்றுப் பாசனத்தில் நெல் விளைகிறது. மல்லாட்டைக்கு ஹெக்டேருக்கு சுமார் 125 கிலோ பருப்பு தேவை. பருப்பில் கால்பங்கு புரதம் இருப்பதால் தழைச்சத்து 4 சதவீதத்துக்குக் குறையாது. எனவே விதைப்பிலேயே ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகிறது. தமிழ்நாட்டில் மானாவாரி நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்தே ஹெக்டேருக்கு 10 கிலோதான். அதில் பாதிக்கு ஈடானதை விதை கொண்டுவருகிறது.

நெல்லின் நிலை வேறு. குறுகிய கால ரகங்களை நாற்றுவிட்டு நட ஹெக்டேருக்கு 60 கிலோ விதை போதும்; அதில் இருப்பது முக்கால் கிலோவுக்கும் குறைவான தழைச்சத்து. திருந்திய நெல் சாகுபடியில் 7, 8 கிலோ விதையே போதுமாதலால் இந்த வரவு 100 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நாற்றுவிட்டு நடும் கேழ்வரகுக்கு 5 கிலோ விதை. தழைச்சத்து சுமார் 60 கிராம். நெல்லுக்கு உரமாக இடும் தழைச்சத்தோ ஹெக்டேருக்கு 100 கிலோவைத் தாண்டும். அந்த வயலில் விதையின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது.

உலக அளவிலும் வேறுபாட்டுக்குக் காரணம் பயிரும் விதைப்பு முறையும்தான். வட இந்தியாவில் கோதுமைக்கு ஹெக்டேருக்கு சுமார் 100 கிலோ விதை. தழைச்சத்து 2 கிலோ அளவில் வரும். குளிர்நாடுகள் சிலவற்றில் 150 கிலோவுக்கு மேல் விதைப்பதால் அது 3 கிலோவைத் தொடுகிறது. உருளைக்கிழங்கில் விதைக்கிழங்கே இரண்டு டன்னுக்கு மேல் என்பதால், சதவீதம் மிகக் குறைவாக இருந்தும் 6 கிலோ வரை சேர்கிறது. 20 கிலோ விதை போதும் மக்காச்சோளத்திலோ 300 கிராம்தான்.

காலப்போக்கில் அதிகம் மாறியது விதையன்று, உரம். 1960-61இல் இந்தியா பயன்படுத்திய உரத் தழைச்சத்து சுமார் 2 லட்சம் டன். 2020-21இல் அது 2 கோடி டன். விதையளவு அந்த வேகத்தில் கூடவில்லை. ஆகவே மொத்த வரவில் விதையின் பங்கு சுருங்கியது. உரம் குறைவாக இடப்படும் நாடுகளிலும் மானாவாரி நிலங்களிலும் அந்தப் பங்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது. இதனால் நாடுகளை ஒப்பிடும்போது மொத்த டன், ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, மொத்த வரவில் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மொத்த டன்னை மட்டும் பார்த்தால் பரப்பு பெரிய நாடே எப்போதும் முன்னிற்கும்.

விதையில் வருவது காற்றிலிருந்து புதிதாகக் கிடைத்த சத்து அன்று. முந்தைய அறுவடையில் ஏதோ ஒரு நிலத்திலிருந்து வெளியேறியதன் ஒரு பகுதி. சொந்த விதையை எடுத்து வைத்தால் அது அதே நிலத்துக்குத் திரும்புகிறது. வெளியூரில் வாங்கினால் வேறொரு நிலத்தின் சத்து இங்கு வருகிறது. அறுவடையைச் செலவில் முழுமையாக எழுதிவிட்டு விதையை வரவில் விட்டுவிட்டால், நிலம் உண்மையில் இழந்ததைவிட அதிகம் இழந்ததாகக் கணக்கு காட்டும். நெல் வயலில் இந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. மானாவாரி மல்லாட்டைக் கொல்லையில் அதை ஒதுக்க முடியாது. குறைந்த உரத்தில் விளையும் நிலங்களின் கணக்கில் விதையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.