ஈயத்தை இறுக்கும் ஒரு சிட்டிகை

வார இறுதியில் கடற்பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர் கார்களில் சில நேரே ஜொகூர் பாரு டயர் கடைகளுக்குப் போகும். இங்கே விலை மலிவு. புது டயரை பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றி, எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று பார்த்து, ரிம் விளிம்பில் ஒரு சின்னக் கட்டியைத் தட்டிப் பொருத்துவார்கள். கழற்றிய பழைய கட்டி வாளியில் விழும். பல காலமாக அந்த வாளியில் சேர்ந்ததெல்லாம் ஈயம்.

சுத்தக் காரீயம் என்று நினைக்க வேண்டாம். காரீயத்தை நகத்தால் கீறினால் கோடு விழும். இந்தக் கட்டி அவ்வளவு லேசில் இடம் கொடுக்காது. சுமார் 3 சதவீதம் ஆன்டிமணியும், துளி வெள்ளீயமும், அதிலும் துளியாக ஆர்சனிக்கும் கலந்திருப்பதுதான் காரணம்.

அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா வார்ப்பவர்கள் டயர் கடைகளின் வாளிக்குப் போட்டி போட்டது இந்தக் கலவைக்காகத்தான். துப்பாக்கிக் குழலின் உள்ளே திருகுப் பள்ளங்கள் உண்டு. மென்மையான ஈயம் வேகத்தில் உராய்ந்து அவற்றில் அப்பிக்கொள்ளும். மலேசியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா செய்வது குற்றம். பழைய கட்டிக்கு இங்கே தோதான மறுபிறவி, தூண்டிலை ஆழத்துக்கு இழுக்கும் ஈயக்குண்டு.

எதுவாக வார்த்தாலும், அடுப்பில் நடப்பது விசித்திரம். காரீயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில், ஆன்டிமணி 630-இல். இரண்டையும் சேர்த்தால் உருகுநிலை நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம். ஆனால் கலவை 252 டிகிரியிலேயே இளகத் தொடங்கி, 300-க்குச் சற்று மேலே முழுதும் திரவமாகிவிடுகிறது. அளவில் வேறுபட்ட அணுக்கள் ஒழுங்கான படிகமாக அடுக்கி உட்கார முடியாமல் திணறுகின்றன. திரவமாகவே இருப்பது அவற்றுக்குச் சுலபம்.

இதைவிட எனக்குப் பிடித்தது, வார்த்த பிறகு நடப்பது. அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு தண்ணீரில் போட்ட துண்டு, அன்றைக்கு இருப்பதைவிடச் சில நாள் கழித்துக் கடினமாக இருக்கும். யாரும் தொடவில்லை, தட்டவில்லை. சூட்டில் திட ஈயம் 3.5 சதவீதம் வரை ஆன்டிமணியைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறினால் கால் சதவீதம்கூடத் தாங்காது. ஆறிய சர்க்கரைப் பாகில் கற்கண்டு கட்டுவதைப் போல, மிச்சம் மெல்லப் பிரிகிறது. ஆனால் இங்கே பாகே கெட்டி! சட்டென்று குளிர்ந்ததால் தப்ப வழியின்றி மாட்டிக்கொண்ட அணுக்கள் உள்ளுக்குள்ளேயே நுண்ணிய துகள்களாகத் திரண்டு, ஈய அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. ஆர்சனிக் இதைத் துரிதப்படுத்துகிறது.

வாளி இப்போது மாறிவருகிறது. 2005 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயக் கட்டிகளைத் தடைசெய்துவிட்டது. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வந்தன. இரும்பால் தொல்லை இல்லை, உருகிய ஈயத்தின் மேலே மிதக்கும். துத்தநாகம் அப்படியல்ல. சூடு 419 டிகிரியைத் தாண்டாதவரை அதுவும் மிதக்கும், கரண்டியால் வழித்துவிடலாம். தாண்டினால் கலந்து, குழம்பைத் திரிதிரியாக்கி, அச்சின் மூலைகளை நிரப்பவிடாது.

மழைக்காலத்தில் வெளியே கிடந்த கட்டியில் ஈரம் இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. ஒரு சொட்டு நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். உருகிய ஈயம் சட்டியை விட்டு முகத்துக்குப் பாயும். இது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. உருகிய ஈயத்தின் மேலே படியும் சாம்பல் மஞ்சள் தூள் ஈய ஆக்சைடு. அதை வழித்த கையோடும் சட்டையோடும் வீட்டுக்குள் போனால், தரையில் தவழ்ந்து விரலைச் சப்பும் குழந்தையின் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.