வாசலுக்கு எந்தத் தளம்?

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு கட்டி முடித்த நம்மவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பி.எஃப். பணம், சங்கக் கடன், மனைவியின் வளையல் எல்லாம் கூரை போடும்போதே கரைந்திருக்கும். கேட்டிலிருந்து வாசற்படி வரை உள்ள இடம் கடைசிக்கு நிற்கும். "ஏதாவது ஒரு டைலை ஒட்டிவிடுங்கள், மேஸ்திரி" என்று சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஒட்டியது வழவழப்பான டைல். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் புகழ்ந்தார்கள். முதல் மழையிலேயே, பால் வாங்க இறங்கிய என் மாமியார் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை. ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஊன்றிய இடத்தில் இரண்டு டைல்கள் விரிந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தோம்.

வெளித் தளம் சொரசொரப்பாக இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சாதரஹள்ளிக் கல் என்று இங்கே பெயர் பெற்ற சாம்பல் நிறக் கருங்கல்லுக்கு ஈடு இல்லை. சப்படிக் கல்லாக, பாலிஷ் போடாமல் பதித்தால் கார் ஏறினாலும் அசையாது. விலையும் கூலியும்தான் கையைக் கடிக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைத்தால் விடாதீர்கள். கலபுரகிப் பக்கத்து ஷாபாத் கல்லும் ஆந்திரத்துக் கடப்பைக் கல்லும் மலிவு. ஆனால் இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. நடப்பதற்கும் ஸ்கூட்டருக்கும் போதும். அடியில் பொள்ளல் இருந்தால் கார் சக்கரம் பட்டதும் விரிசல் விடும். கறை போக ஆசிட் ஊற்றினால் கல்லே அரித்துப்போகும்.

குறைந்த செலவில் முடிக்க நினைப்பவருக்குக் காங்கிரீட். கார் நிறுத்துவதானால் நான்கு அங்குல கனம் வேண்டும். பத்தடிக்கு ஒரு இடைவெளி விடாவிட்டால் அது தானாகவே வெடித்து இடைவெளி விட்டுக்கொள்ளும்! ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் வழுக்காது. பத்து நாளாவது தண்ணீர் கட்டுங்கள். மேஸ்திரி மூன்றாம் நாளே போதும் என்பார், கேட்காதீர்கள்.

இன்டர்லாக் கல்லுக்கு வேறொரு வசதி உண்டு. காவேரிக் குழாயும் சாக்கடைக் குழாயும் பெரும்பாலும் இந்த இடத்துக்கு அடியில்தான் ஓடுகின்றன. கசிந்தால் பத்துக் கற்களைப் பெயர்த்து, குழாயைச் சரிசெய்து, அதே கற்களை மறுபடி அடுக்கலாம். காங்கிரீட்டில் அது நடக்காது. வீட்டுக் காருக்கு 60 மி.மீ. கனமுள்ள கல் போதும். ஆனால் அடியில் ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, மேலே ஒன்றரை அங்குல மணல் பரப்பி, ஓரத்தைக் காங்கிரீட்டால் கட்டவேண்டும். ஓரம் கட்டாத இன்டர்லாக் நாளடைவில் விரிந்து கொடுக்கும்.

சம்ப் இதே இடத்தில் இருந்தால் அதன் மேல்மூடி கார் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். மூடியின் வாய் தளத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். இல்லையேல் வாசல் கழுவிய நீர் குடிநீரில் இறங்கும். தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். எதிர்காலத்தில் சாலைக்கு மேல் சாலை போட்டு உயர்த்துவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேட்டுக்கு வெளியே சாக்கடை மேல் போடுவதை நிரந்தரமாகப் பூசிவிடாதீர்கள். தூக்கக்கூடிய சப்படிக் கல்லாக இருந்தால்தான் அடைப்பு எடுக்க முடியும்.

இன்னொன்று, முழுவதையும் மூடவேண்டாம். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மி.மீ. மழை பெய்கிறது. 300 சதுர அடி முற்றத்தில் மட்டும் விழுவது 27,000 லிட்டர். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். காம்பவுண்டு ஓரமாக இரண்டடி மண்ணை விட்டுவைத்து, சரிவை அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு பங்காவது நிலத்துக்குள் இறங்கும்.

எங்கள் வீட்டில் டைலைக் கொத்தி எடுத்துவிட்டு இன்டர்லாக் போட்டோம். மாமியார் ஒன்று மட்டும் கேட்டார். இன்டர்லாக் சந்துகளில் கோல இழை உடைகிறதாம். அதனால் கேட்டுக்கு உள்ளே நான்கடிக்குச் சப்படிக் கல். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து அவரே கோலம் போடுகிறார்.