கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திரு

கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, டீக்கடை பெஞ்சில் என் கையில் கேமராவைக் கொடுத்தான். "அண்ணே, பொழுது சாயிற நேரம் போடிப் பக்கம் மின்னல் வெட்டு வெட்டுனு வெட்டுச்சு. இருநூறு படம் எடுத்தேன். ஒண்ணுலகூட விழல."

பார்த்தேன். மேகம் இருந்தது, மலை விளிம்பு இருந்தது. மின்னலைத்தான் காணோம்.

"மின்னினதும் பட்டனை அமுக்கினியா?"

"ஆமா. பிறகு எப்ப அமுக்குறது?"

மின்னுவதற்கு முன்னால் அமுக்க வேண்டும். கண் பார்த்து, விரல் அமுங்கி, ஷட்டர் திறக்கக் கால் விநாடியாவது ஆகிவிடும். பெரும்பாலான மின்னல் அதற்குள் முடிந்துபோகும். ஒரே பாதையில் மூன்று நான்கு முறை மின்சாரம் பாய்வதும் உண்டு. மின்னல் துடிப்பதுபோல நமக்குத் தெரிவது அதனால்தான். அந்தத் துடிப்பின் வால் எப்போதாவது தற்செயலாகச் சிக்கும். அதை நம்பி உட்கார முடியாது. கேமராவை முக்காலியில் மாட்டி, தூரத்து ஊர் விளக்கு ஒன்றில் ஃபோகஸைக் கையால் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"பத்து விநாடி திறந்து வச்சா மின்னல் வெளுத்துப் போயிராதா?"

நல்ல கேள்வி. போகாது. 10 விநாடி திறந்திருந்தாலும் மின்னல் ஒரு விநாடிக்குள் வந்து போய்விடுகிறது. மிச்ச நேரமெல்லாம் உள்ளே சேர்வது வானத்து வெளிச்சம். ஆகவே மின்னல் எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதை அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் முடிவு செய்யும். ஷட்டர் நேரம் வானத்துக்கானது. டீ மாஸ்டர் டிக்காஷனை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் பாலைக் கூட்டிக் குறைக்கிறார் அல்லவா, அதே வரிசைதான். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று முதலில் வை. மின்னல் மிகத் தொலைவில் என்றால் எஃப் 5.6. பிறகு வானம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேரம் திற.

அந்தி நேரத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது. பகலில் பத்து விநாடி திறந்தால் படம் சுண்ணாம்பு. நள்ளிரவில் கறுப்புத் தாளில் ஒரு கோடு. சூரியன் மறைந்து கால்மணி நேரம் கழித்து அநேகமாக ஒரு விநாடி போதும். அரைமணி ஆனால் 10 விநாடி கேட்கும். இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நீலமும் மேகமும் மின்னலும் ஒரே படத்தில் சேரும். கொழுக்குமலை கிழக்கே சமவெளியைப் பார்த்து நிற்பதால் இன்னொரு வசதி: மேற்கில் இறங்கிய வெயில், கிழக்கே எழும்பிய இடிமேகத்தின் உச்சியில் மட்டும் சற்று நேரம் தங்கியிருக்கும்.

நிமிடங்கள் குறைவு என்பதால் இன்னொன்றும் சொன்னேன். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 10 விநாடிப் படம் ஒவ்வொன்றுக்கும் பிறகு கேமரா இன்னொரு 10 விநாடி கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்க்கும். நல்ல மின்னல் அப்போது பார்த்துத்தான் வரும்.

ஓவியர்கள் மின்னலை ரம்பப் பல்போல வளைத்து வளைத்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், 1882-இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் அதைப் படம் பிடித்தார். அது ரம்பமாக இல்லை, ஓர் ஆறு கிளை பிரிவதுபோல இருந்தது.

தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "இடிகூட செமையா கேட்டுச்சுண்ணே. மின்னினதுல இருந்து எண்ணினேன். பன்னெண்டு விநாடி."

என் கிளாஸைக் கீழே வைத்தேன். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். பன்னிரண்டு என்றால் 4 கிலோமீட்டர். இவன் நின்றது மலை முகட்டில், பக்கத்தில் முக்காலி. மேகத்தை விட்டுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கும். சின்ன வயதில் இடி இடித்தால் "அர்ஜுனா அர்ஜுனா" என்று சொல்லச் சொல்வாள் என் அப்பத்தா. நான் எண்ணத்தான் சொல்வேன். எண்ணிக்கை முப்பதுக்குள் வந்துவிட்டால் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கூடாரத் துணி மழையைத்தான் தடுக்கும், மின்னலை அல்ல. தனி மரத்தடி அதைவிட மோசம். தகரக்கூரை போட்ட ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகத்தைத் தொடாமல் இருக்கலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. சிக்னல் இருக்கும்போதே பார்த்துவிட்டு ஏற வேண்டும்.

"அப்ப படம்?"

"இண்டர்வெல் ஷூட்டிங்னு உன் கேமராவுல ஒண்ணு இருக்கும். இடி கேக்குறதுக்கு முன்னாடியே அதைப் போட்டு வச்சிரு. கேமரா நனைஞ்சா புதுசு வாங்கலாம். நீ ஜீப்புக்குள்ள இரு தம்பி."