கொடுவாவுக்கு நன்னீர்க் குளியல்

கூண்டில் வளரும் கடல்மீனை அரிக்கும் ஒட்டுண்ணிகளை விரட்டக் குழாய்த் தண்ணீரும் கை கொடுக்கும். ஆனால் நாள் கணக்குத் தப்பக்கூடாது.

ஆடிக் கிருத்திகை விரதம் முடிந்த கையோடு திருத்தணி வீடுகளில் மீன் குழம்பு மறுபடி கொதிக்கும். ஊருக்குப் பக்கத்தில் கடல் இல்லைதான். ஆனால் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழகமும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அங்கே வலையில் விழும் கொடுவாவுக்கு எப்போதும் நல்ல விலை. உப்பு நீரிலும் நன்னீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன் அது.

அதைப் பண்ணையில் வளர்க்க வழி திறந்தது 1997-ல். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தது. 2010-ல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடல் விராலைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கடலில் மிதவைக் கூண்டுகள் வந்தன. பின்னாலேயே ஒட்டுண்ணிகளும் வந்தன.

அவை புதிதாகப் பிறந்தவை அல்ல. திறந்த கடலில் மீன்கள் சிதறித் திரிவதால், முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுக்களில் பெரும்பாலானவை இன்னொரு மீனைக் காணாமலே செத்துப்போகும். கூண்டிலோ ஆயிரக்கணக்கான மீன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. புழு தேடி அலையவே வேண்டாம்.

வெள்ளையாகி உதிரும் புழு

நியோபெனிடீனியா என்ற தட்டைப்புழு தோலிலும் கண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். உடம்பு கண்ணாடி போன்றது என்பதால் மீன் மேல் இருப்பதே தெரியாது. அரிப்புத் தாங்காமல் மீன் வலையில் உரசும். உரசிய இடம் புண்ணாகும், புண்ணில் பாக்டீரியா புகும். கண் வெளுத்துக் குருடாவதும் உண்டு.

அந்த மீனை ஐந்து, பத்து நிமிடம் நன்னீர்த் தொட்டியில் விட்டால் வித்தை தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த புழுக்கள் பால் வெள்ளையாகி ஒவ்வொன்றாக உதிரும். நன்னீர் புழுவின் உடம்புக்குள் பாய்ந்து அதைக் கொன்றுவிடும். கொடுவாவுக்கு அது பழகிய தண்ணீர்.

இத்தோடு வேலை முடியாது. புழுவின் முட்டையில் நூல் போன்ற வால் உண்டு. அது வலைக் கண்ணியில் சுற்றிக்கொண்டு கிடக்கும். முட்டையை நன்னீர் அசைக்காது. நம் கடலின் வெப்பத்தில் அது ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும். எனவே குளிப்பாட்டும் அன்றே வலையை மாற்றி, பழையதை வெயிலில் நன்றாகக் காயப்போட வேண்டும். தப்பிய குஞ்சுப்புழுக்கள் வளர்ந்து முட்டையிடும் முன் இரண்டாவது குளியல் கொடுக்க வேண்டும்.

குளியலுக்கு மசியாதது

வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகாரியான் வேறு ரகம். அந்த ஒற்றைச் செல் உயிரி தோலுக்கு அடியில் புகுந்துகொள்வதால் குறுகிய நேரக் குளியல் எட்டாது. சில நாளில் தானே வெளியேறி, தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பெருகும். குஞ்சுப் பொரிப்பகங்களில், மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான, உலர்ந்திருந்த தொட்டிக்கு மாற்றுவார்கள். நான்கு முறை மாற்றினால் சங்கிலி அறும். திறந்த கடல் கூண்டில் இதற்கு வழியில்லை. கொண்டுவரும் குஞ்சுகளைத் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூண்டில் விடுவதுதான் பாதுகாப்பு.

தட்டுக்கு வருமா?

தோலிலும் செவுளிலும் ஒட்டும் இவை மனிதரைத் தொற்றுவதில்லை. மனிதருக்குத் தொல்லை தரும் அனிசாகிஸ் புழு, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மீன் தின்பவர்களுக்குத்தான் ஆபத்து. நன்றாகக் கொதித்த குழம்பில் அது பிழைக்காது.

நஷ்டம் முழுக்க வளர்ப்பவருக்கே. அவசரத்துக்கு மருந்தை நாடினால் அது நெடுநாள் உதவாது என்பதற்கு நார்வே சாட்சி. அங்கே சால்மன் பண்ணைகளில் கடல் பேன்கள் மருந்துகளுக்குப் பழகிவிட்டன. பேனைக் கொத்தித் தின்னும் மீன்களையும், நன்னீர் நிரப்பிய கப்பல் தொட்டிகளையும் இப்போது பயன்படுத்துகிறார்கள். நம் கூண்டுக்காரர் மருந்துக்கு ஒதுக்கும் காசில் முதலில் ஒரு மாற்று வலை வாங்கட்டும். கூண்டில் விடும் குஞ்சுகளையும் கொஞ்சம் குறைக்கட்டும்.