பாறையின் நிறம்

நந்தனத்திலிருந்து அண்ணா சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்ததும் சின்னமலையைக் காண்பர். மேலும் சென்றால் பரங்கிமலை தோன்றும். அதன் உயரம் ஏறத்தாழ 300 அடியே; மலை என்பது சற்று மிகையான பெயர்தான். எனினும், சமவெளியாகிய சென்னையில் ஓவியம் பயில்வோர்க்குப் பாறையின் இயல்பைக் கற்பிக்க அக்குன்று போதும்.

பாறையை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட முற்படும் மாணவன் தொடக்கத்தில் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. பாறை கரியது என்று எண்ணி அவன் கறுப்பு வண்ணத்தைக் குழைக்கிறான்; வெயில் படும் பக்கத்திற்கு அதனோடு வெள்ளையைக் கலக்கிறான். முடிவில் துணியில் தோன்றுவது பாறையன்று, கரிமூட்டை! கண் கண்டதை விடுத்து, மனம் முன்பே அறிந்ததாகக் கருதியதைக் கை தீட்டிவிட்டது.

பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளின் பாறைக்குச் 'சார்னோக்கைட்டு' என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கல் இவ்வகைக் கல்லால் ஆயது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் 1893-ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். புதிதாக உடைத்த இடத்தில் இக்கல் நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். வெயிலும் மழையும் பட்டுத் தேய்ந்த மேற்பரப்பிலோ இரும்புத் துருவின் செம்பழுப்பு ஏறியிருக்கும். காலைக் கதிர் படும் முகம் இளமஞ்சளாகத் தோன்றும். நிழல் முகத்திற்கு ஒளி தருவது நீல வானமாதலின், அந்நிழலில் நீலச் சாயல் படிகிறது. அடிப்பகுதியில் தரையின் செம்மை எதிரொளிக்கிறது. இத்தனையும் கண்டபின், கறுப்பு வண்ணக் குழாயைத் திறவாமலே பாறையைத் தீட்டலாம். அல்ட்ராமரின் நீலத்தோடு, சுட்ட மண்ணிலிருந்து பெறும் செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்தால் ஆழ்ந்த சாம்பல் நிறம் கிடைக்கும்.

எண்ணெய் வண்ணம் இதற்கு ஏற்றது. ஆளிவிதை எண்ணெய், நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. ஆதலின், தவறியதைக் கத்தியால் வழித்துவிட்டு மீண்டும் தீட்டலாம். ஆனால் ஒரு நியதி உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருத்தல் வேண்டும். அதனை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசுவர். மேற்பூச்சில் எண்ணெய் மிகலாம். இம்முறை தலைகீழானால், மேற்பூச்சு முந்தி இறுகிவிட, அடியிலுள்ளது பின்னர் அசைந்து அதனை வெடிக்கச் செய்யும்.

வண்ணம் காத்திருக்கும், கதிரவன் காத்திரான். ஒரு மணி நேரத்திற்குள் நிழல் இடம் பெயர்ந்துவிடும். எனவே பயின்றவர்கள் முதலில் கண்களைச் சுருக்கிப் பார்த்து, ஒளியும் நிழலுமாகிய பெரும் பகுதிகளை வரையறுத்துக் கொள்வர். பிறகு நிழல் நகர்ந்தாலும் அதனைத் துரத்திச் செல்லார். பாறையின் வெடிப்புகளை வரைவதில் புதிய மாணவனுக்கு ஆசை மிகுதி. அவை இறுதியில் வரவேண்டியவை. உடைந்த விளிம்பு கூர்மையாகவும், மழையில் தேய்ந்த விளிம்பு மென்மையாகவும் அமைந்தாலே கல்லின் வயது புலப்பட்டுவிடும்.

1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்குப் பயின்று, 1957-இல் அதன் தலைமையை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர், தம் தொடக்க காலத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிப் புகழ் பெற்றவர்.

பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் கட்டடங்களுக்காகக் கல் வெட்டப்பட்டதால் அவற்றின் உருவம் பெரிதும் மாறிவிட்டது. குடையப்பட்ட அம்முகங்களில்தான் கல்லின் நீலம் தெளிவாகத் தெரிகிறது. மழை பன்னெடுங்காலம் தேய்த்துருட்டிய செம்பழுப்பு மேற்பரப்பை, வெட்டப்படாத பகுதியில்தான் தேடிப் பார்க்க வேண்டும்.